வாசகர் கேள்விகள்: ஐந்து ஆடா, எழுபது கோழியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான். போன இதழில் வெயிலைப் பற்றி எழுதியதன் விளைவு என்று நினைக்கிறேன். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டவர்களைவிட "நான் செய்வது சரிதானே?" என்று கேட்டவர்கள் அதிகம். எல்லோருக்கும் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ மட்டன் எடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆட்டுக்கறியால் பூமி சூடாகிறது என்று மகள் காலேஜில் கேட்டுவிட்டு வந்து சொன்னதிலிருந்து மட்டனை நிறுத்திவிட்டோம். இப்போது புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் கோழிதான், வாரத்துக்கு இரண்டு கிலோ ஆகிறது. செலவும் குறைந்தது, பூமிக்கும் நல்லது. ஆனால் என் நாத்தனார், "ஒரு ஆட்டை விட்டுட்டு ஊர்க்கோழி பூரா முழுங்குறீங்க" என்று கிண்டல் செய்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் நாத்தனாரை எனக்குப் பிடித்துவிட்டது.

மகள் சொன்னதும் பொய்யில்லை. ஆடு, மாடு, எருமை எல்லாம் அசைபோடும் பிராணிகள். தின்ற தீனி முதல் வயிற்றில் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. இந்த வாயு காற்றில் பன்னிரண்டு ஆண்டுபோலத்தான் தங்கும், ஆனால் தங்கும்வரை ஆடும் ஆட்டம் பெரிது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். கோழிக்கு அந்த அசைபோடும் வயிறு கிடையாது. 2018-ல் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் பண்ணை விவரங்களைத் திரட்டிப் போட்ட கணக்கில், பூமியைச் சூடாக்கும் வாயு எல்லாம் சேர்த்து, ஒரு கிலோ செம்மறிக்கறிக்கு வருவது ஒரு கிலோ கோழிக்கறிக்கு வருவதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இது உலக சராசரி. திண்டுக்கல் பக்கத்துக் காட்டில் மேய்ந்து வளர்ந்த ஆட்டுக்கு எண் கொஞ்சம் அங்கே இங்கே மாறும், வரிசை மாறாது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். முன்பு வாரம் ஒரு கிலோ என்றால் வருடத்துக்கு 52 கிலோ மட்டன். ஒரு ஆட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தேறும் என்று வைத்தால் ஐந்து ஆடு. இப்போது வாரம் இரண்டு கிலோ, வருடத்துக்கு 104 கிலோ கோழி. உரித்த பிராய்லர் கோழி ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஆக எழுபதுக்கும் மேலே கோழிகள். வாயு நான்கில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும், ஆனால் நீங்கள் அளவை இரண்டு மடங்காக்கிவிட்டதால் பாதியாகத்தான் குறைந்தது. அந்தப் பாதிக்காக ஐந்து உயிர் இருந்த இடத்தில் எழுபது உயிர் வந்து நிற்கிறது.

சரி, எண்ணிக்கை மட்டுமா விஷயம் என்று கேட்பீர்கள். அந்த எழுபதும் எப்படி வாழ்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஆடு, காலையில் பட்டியிலிருந்து போய் வேலி ஓரத்தில் கருவேலங்காய் பொறுக்கி, பக்கத்துக்காரன் முருங்கையை எட்டிக் கடித்து, திட்டு வாங்கி, சாயங்காலம் திரும்பி வந்திருக்கும். முடிவு கத்திதான் என்றாலும் அதற்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. பிராய்லர் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வந்து, தேங்காய் நார்த்தூள் பரப்பிய கொட்டகையில் சில ஆயிரம் குஞ்சுகளோடு இறங்கி, ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டி லாரி ஏறிவிடும். கோழி இனம் விட்டால் ஐந்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. எலும்பு முற்றுவதற்குள் நெஞ்சுச்சதை ஏறும்படி இனத்தைத் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியதால், கடைசி வாரத்தில் பல கோழிகளுக்குக் கால் தாங்காது. தண்ணீர்க் கிண்ணம் வரை நடந்து போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் பைக்கின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கியபடி கடைக்குப் போவதை தினம் பார்க்கிறோம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்றுதான் அதில் இருக்கிறது. டீயும் வடையும் அதைவிட அதிகம்.

நான் சொல்வது இது: வாரம் அரைக் கிலோ மட்டனுக்குத் திரும்பிப் போங்கள், மற்ற நாளில் கறியே வேண்டாம். வாயுக் கணக்கில் இரண்டு கிலோ கோழியும் அரைக் கிலோ மட்டனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வருடத்துக்கு எழுபது கோழிக்குப் பதில் இரண்டு மூன்று ஆடு. அதையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆக்கினால் இரண்டு கணக்கும் சேர்ந்தே இறங்கும். அரைக் கிலோவில் பிரியாணி போட்டால் ஆளுக்கு இரண்டு துண்டுதான் வரும், உண்மைதான். சீரகச்சம்பாவும் மசாலாவும் சரியாக இருந்தால் யாரும் துண்டை எண்ணமாட்டார்கள். புதனுக்கும் சனிக்கும் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மீல்மேக்கர் என்று மாற்றிப் பாருங்கள். பருப்புவகைக்கு ஆகும் வாயு கோழியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மீல்மேக்கரில் நூறு கிராமுக்கு ஐம்பது கிராம் புரதம் இருக்கிறது, ஆகவே "பிள்ளைக்குச் சத்து வேண்டாமா" என்று யாரும் கேட்க முடியாது. அதை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, கொஞ்சம் எண்ணெயில் வறுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். அப்படியே குழம்பில் போட்டுவிட்டு ரப்பர் மாதிரி இருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

கோழியை விட்டு நெத்திலிக்குப் போகலாமா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். நெத்திலி ஒரு கிலோவில் எத்தனை உயிர் என்று நாத்தனாரையே எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், நான் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டேன். இந்த உயிர்வதை, வெப்பமயம் எல்லாம் கறி சாப்பிடுபவர்கள் பிரச்சினைதானே? எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?
- வாசகர், சென்னை

பதில்: உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கிலோ பன்னீர், எத்தனை கிலோ நெய் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால் பதில் சொல்ல வசதியாக இருக்கும். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க இருபது லிட்டருக்கு மேல் வேண்டும். மேலே சொன்ன அதே ஆய்வில், வாயுக் கணக்கில் ஒரு கிலோ சீஸ் ஒரு கிலோ கோழியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. சாம்பார் சாதம், பொரியல், மோர் என்று சாப்பிடும் வீட்டைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பன்னீர் பட்டர் மசாலாவும் சீஸ் தோசையும் தினசரி ஆகிவிட்ட சைவத்தைத்தான் சொல்கிறேன். உயிர்வதைக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: ரெண்டு மாடு வைத்திருக்கிறேன், ஜெர்சிக் கலப்பு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்தவன் டீயில் பால் வேண்டாம், தயிர் வேண்டாம், நெய் வேண்டாம் என்கிறான். கேட்டதற்கு, "கன்னுக்குட்டிகிட்ட இருந்து திருடுறீங்கம்மா" என்று சொல்லிவிட்டான். நான் சாப்பிடாமல் படுத்தாலும் மாட்டுக்குத் தீனி போடாமல் படுத்ததில்லை. அவன் படிப்புக்கே இந்தப் பால் காசுதான். நான் என்ன தப்பு செய்தேன்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம்

பதில்: அம்மா, தப்பு நீங்கள் செய்யவில்லை. அவர் சொன்ன விதம் தப்பு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாணி அள்ளுகிறவரிடம், மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவர் ஒழுக்கம் பேசும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும்.

ஆனால் அவர் தொட்ட விஷயத்தை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வராது. மாடு ஈன்றால்தான் பால். ஈத்துக்கு ஒரு கன்று. பாதி கிடேரி, பாதி காளை. கிடேரி நாளைக்குக் கறவையாகும். காளைக்கன்று? ஏர் இருந்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது, வண்டி இருந்தது, விலை இருந்தது. காங்கேயம் காளைக்கு இன்றும் ஓரளவு மதிப்பு உண்டு, ஜெர்சிக் காளைக்கன்றை யார் கேட்கிறார்கள்? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பசு இனத்தில் பெண் 14 கோடியே 51 லட்சம், ஆண் 4 கோடியே 74 லட்சம். பிறப்பது சரிபாதி. மீதி எங்கே போனது என்று அரசாங்கத் தாளில் எழுதியிருக்காது, ஆனால் உங்களுக்குத் தெரியும். வாசலில் வந்து நின்று, பல்லைப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகருக்கும் தெரியும். பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் லாரிகள் எந்தத் திசையில் திரும்புகின்றன என்பது கொங்கு நாட்டில் ஒளிவுமறைவான செய்தி இல்லை. கறவை வற்றிய மாட்டுக்கும் அதே வழிதான்.

இதை உங்கள் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். தீனிச் செலவு என்ன, பால் விலை என்ன என்று பார்த்தால், கறக்காத மாட்டை நீங்கள் சாகும்வரை வைத்துச் சோறு போட முடியாது. அந்தக் கன்றில் ஒரு பங்கு சொசைட்டிப் பாலில் காப்பி குடிக்கிற ஒவ்வொருவருடையது, என்னுடையதும் சேர்த்து. "நாங்கள் மாட்டை வெட்டுவதில்லை" என்று சொல்லிக்கொண்டு மூன்று வேளையும் பால் சாப்பிடுகிற வீடுகளில், வெட்டுகிறவருக்கு மாட்டைக் கொடுத்தனுப்பும் வேலையை உங்களை மாதிரி ஆட்களிடம் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

உங்களால் செய்ய முடிந்தவை சில உண்டு. சினை ஊசி போடும்போது பாலினம் பிரித்த விந்து கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்; அதில் பத்துக்கு ஒன்பது கிடேரியாகவே பிறக்கும். எல்லா மாட்டுக்கும் முதல் ஊசியிலேயே சினை நிற்காது, அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காளைக்கன்று பிறந்தாலும் சீம்பால் அதற்குத்தான் முதலில். கறந்து முடித்து வற்றிய மடியில் கன்றை விடாமல், ஒரு காம்பையாவது முழுசாக விட்டுவிடுங்கள். தாய்ப்பால் மறக்காத கன்றை விற்காதீர்கள். வைக்கோலை மட்டும் போட்டால் மாடு அதிகம் ஏப்பம் விடும், குறைவாகக் கறக்கும். பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் அளவாகச் சேர்த்தால் ஒரு லிட்டர் பாலுக்கு ஆகும் மீத்தேன் குறையும், பாலும் கூடும். இதில் உங்களுக்கும் லாபம், ஆகவே இதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

மகனுக்கு வருவோம். பாலை விட்டதில் எந்தக் குறையும் இல்லை, விடட்டும். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தால் தயிராக உறையும். முதல் முறை கொஞ்சம் இளகலாகத்தான் வரும், அதில் ஒரு கரண்டியை உறை எடுத்து மறுபடி போட்டால் கெட்டியாகும். தேங்காய்ப்பாலில் சொதி, எள்ளுத் துவையல் என்று நம் சமையலில் பால் இல்லாதது நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பி12 வைட்டமின் செடிகொடியிலிருந்து கிடைக்காது, மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு மூன்று வருடம் கழித்துக் கை கால் மரத்துப்போன பிறகு போய் நிற்கக் கூடாது. அடுத்த தடவை லீவில் வரும்போது ஒரு வாரம் தொழுவத்து வேலை முழுவதையும் அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் வாருங்கள். பேச்சு தானாகப் பதமாகிவிடும்.

கேள்வி: பருப்புச் சோறு சாப்பிட்டால் பூமிக்கு நல்லது என்று எழுதுகிறீர்கள். நெல் வயலே மீத்தேன் விடுகிறது என்று வேளாண் அலுவலர் சொல்கிறார். நாங்கள் எதைத்தான் பயிரிடுவது, எதைத்தான் தின்பது?
- விவசாயி, மன்னார்குடி

பதில்: அவர் சொன்னது சரி, ஆனால் நீங்கள் இடிந்துபோக வேண்டியதில்லை. தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் காற்று இல்லை, அந்தக் காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேனை விடுகின்றன. எனவே நிறுத்த வேண்டியது நெல்லை அல்ல, எப்போதும் நிற்கிற தண்ணீரை. உங்கள் அப்பா காலத்திலேயே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இதற்குப் பெயர் இருந்தது. ஓர் அடி நீளப் பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, அரை அடிக்கு மேல் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மண்மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கிய பிறகு மறுபடி இரண்டு அங்குலம் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள். மீத்தேன் பாதி வரைகூடக் குறையும், தண்ணீரும் மிச்சம், விளைச்சல் விழாது.

இதில் ஒரு சிக்கலை அலுவலர்கள் சொல்வதில்லை. போர் வைத்திருப்பவர் நினைத்தபோது பாய்ச்சலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் வருகிற கடைமடைக்காரர், வந்த அன்றைக்குக் கட்டிக்கொள்ளாமல் "குழாயில் இன்னும் இறங்கவில்லை" என்று பார்த்துக்கொண்டு நிற்பாரா? அடுத்த முறை எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆகவே இது விவசாயியின் மனசாட்சியை மட்டும் நம்பி நடக்கிற காரியம் இல்லை, வாய்க்கால் முறைவைப்பு ஒழுங்காக இருந்தால்தான் நடக்கும்.

சாப்பிடுவதைப் பற்றி: ஒரு கிலோ அரிசியில் எட்டுப் பத்துப் பேர் சாப்பிடலாம், ஒரு கிலோ கறியில் முடியாது. சோறு சாப்பிடுங்கள், கொட்டாதீர்கள். உலகம் வெளிவிடும் வாயுவில் எட்டு முதல் பத்து சதவீதம் வீணாகும் உணவால் வருவது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. நம்முடைய கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: வீட்டில் பதினேழு மஞ்சப்பை சேர்ந்துவிட்டது. இன்னும் எங்கே போனாலும் கொடுக்கிறார்கள். இது சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதா?
- வாசகி, மதுரை

பதில்: ஒரு பையை ஆயிரம் தடவை கொண்டுபோனால் நல்லது, பதினேழு பையை பீரோவில் வைத்தால் கெட்டது. டென்மார்க் அரசு 2018-ல் போட்ட கணக்கில், ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் வெப்பமயக் கணக்கில் ஒரு பாலிதீன் பைக்குச் சமம் ஆகும். பருத்தி விளைவிக்கத் தண்ணீர், பூச்சிமருந்து, சாயம் என்று அவ்வளவு ஆகிறது. அதற்காகப் பாலிதீனுக்குத் திரும்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதற்குத் தடை என்பது ஒருபக்கம் இருக்கட்டும், குப்பைத்தொட்டியில் மேயும் மாடு, சாம்பார் வாசனைக்காகப் பையோடு விழுங்கிவிடுகிறது. முதல் வயிற்றில் அது செரிக்காது, வெளியேயும் வராது, கயிறு கயிறாகத் திரண்டு கிடக்கும். அறுவை சிகிச்சையில் முப்பது கிலோவுக்கு மேல் எடுத்த மாடுகள் உண்டு. அதாவது மஞ்சப்பை மாட்டுக்குச் செய்யும் உதவி பெரிது, வானத்துக்குச் செய்யும் உதவி சிறிது. பதினாறைத் தானம் செய்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் தினமும் ராத்திரி பத்துப் பன்னிரண்டு தெருநாய்களுக்குக் கோழிக்கழுத்தும் சோறும் வேகவைத்துப் போடுகிறேன். சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள். ஒரு குழந்தையை நாய் துரத்தியது உண்மைதான். ஆனால் பசியோடு விட முடியுமா?
- வாசகி, பெருங்குடி, சென்னை

பதில்: பசியோடு விட வேண்டாம், வாசலில் போடவும் வேண்டாம். நாய்கள் சாப்பாட்டு இடத்தைத் தன் இடம் என்று காவல் காக்கும். குழந்தை ஓடி வருகிற வாசலை அப்படி ஆக்கியது நீங்கள்தான். 2023-ல் வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளில், குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி இவற்றைத் தவிர்த்து ஓர் இடத்தை ஒதுக்கித்தர வேண்டியது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று இருக்கிறது. உங்கள் சங்கத்திடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தப் பன்னிரண்டில் காதில் சின்ன வெட்டு இருக்கும் நாய் எத்தனை? அந்த வெட்டுதான் கருத்தடை ஆனதற்கு அடையாளம். இல்லையென்றால் நீங்கள் போடும் சோறு அடுத்த ஈற்றுக்கான சோறு. பெட்டைநாய் வருடத்துக்கு இரண்டு தடவைகூடக் குட்டி போடும், ஒவ்வொன்றிலும் நாலைந்து, அதில் பெரும்பாதி சக்கரத்தில் அடிபட்டும் நோயிலும் செத்துப்போகும். மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லி வண்டியை வரவழையுங்கள். நீங்கள் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வரும் நாய்களை வலை வீசாமல் பிடித்துக் கொடுக்க அந்தத் தெருவில் உங்களால் மட்டும்தான் முடியும். கூடவே வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிடுவார்கள். உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியாவில் சாகிறார் என்பதால், உங்களைத் திட்டுகிறவர்களின் பயத்தைப் பொய்ப்பயம் என்று தள்ளிவிடாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

அந்தக் கோழிக்கழுத்தும் ஒரு கோழியுடையதுதானே என்று யாராவது கேட்பார்கள். கடையில் மிஞ்சிப்போய்க் குப்பைக்குப் போக இருந்ததைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: மகனும் மகளும் அமெரிக்காவில். வருடம் இரண்டு தடவை போய்வருகிறோம். மூன்று வருடமாகப் பால், நெய், பட்டு, தோல்செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். எங்கள் கணக்கு நேராகிவிட்டதா?
- தம்பதியர், கோயம்புத்தூர்

பதில்: உயிர்களின் கணக்கில் நீங்கள் எங்கள் எல்லோரையும்விட முன்னால் இருக்கிறீர்கள், வாழ்த்துகள். பட்டு ஒன்றில் மட்டும் எத்தனை ஆயிரம் கூட்டுப்புழுவைக் கொதிநீரிலிருந்து காப்பாற்றியிருப்பீர்கள்! காற்றின் கணக்கு வேறு. ஒரு சராசரி இந்தியர் வருடம் முழுக்க எரித்துத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன். இங்கிருந்து அமெரிக்கா போய்வர, கணக்கிடும் முறையைப் பொறுத்து ஆளுக்கு ஒன்றரை முதல் மூன்று டன். வருடம் இரண்டு தடவை, இரண்டு பேர். கூட்டிப் பாருங்கள், நான் கூட்டிச் சொன்னால் நன்றாக இருக்காது.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? இரண்டு தடவை ஆறு வாரம் போவதை ஒரு தடவை மூன்று மாதமாக மாற்றிப் பாருங்கள். மருமகளிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜீவகாருண்யம் பேசுகிறீர்களே, உங்கள் சமையலறையில் எலி வந்தால் என்ன செய்வீர்கள்? நான் பசை அட்டை வைத்திருக்கிறேன்.
- வாசகர், திருச்சி

பதில்: அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பசை அட்டையில் மாட்டிய எலி சாக ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும்; தோல் கிழிய இழுத்துப் பார்க்கும், சொந்தக் காலையே கடிக்கும். பல்லியும் அணில்குட்டியும்கூட ஒட்டிக்கொள்ளும். இதைத் தடை செய்யச் சொல்லி விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, கடைகளில் என்னவோ இன்னும் தொங்குகிறது. கொன்றே ஆக வேண்டும் என்றால் பழைய அடிக்கும் பொறி ஒரு நொடியில் முடித்துவிடும், அது எவ்வளவோ மேல். விஷம் வேண்டாம், விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கிற கூகையும் சேர்ந்து சாகும்.

ஆனால் ஒரு எலியைக் கொன்றால் அடுத்தது வரும், வழி திறந்திருக்கிறதே. சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைக் குனிந்து பாருங்கள். கொத்தனார் பூசாமல் விட்டுப்போன ஓட்டை ஒன்று கண்டிப்பாக இருக்கும், சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் நன்றாகத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் சிமென்டைக் காய்வதற்குள் சுரண்டிவிடும், இரும்பு நாரைக் கடிக்காது. அரிசியும் பருப்பும் மூடியுள்ள டப்பாவுக்குப் போகட்டும், ராத்திரி குப்பைக்கூடை வெளியே போகட்டும். உள்ளே மிச்சம் இருப்பதைக் கூண்டில் பிடித்தால் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் புண்ணியம் சேர்த்ததாக நினைக்காதீர்கள், அங்கேயும் யாரோ எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பார்கள்.